நம்ம வயல் உளுந்தும் நம்ம தட்டுப் பருப்பும்



மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை கொடுங்க, நம்ம பகுதி வரலாறா இருந்தா நல்லது என்று கூட்டத்தில் சொன்னபோது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் பத்தாவது வரை படித்தவள். குடவாசல் கோணேஸ்வரர் கோயிலைப் பற்றியும் சோழ ராஜாக்களைப் பற்றியும் எழுத நம்ம ஊரில் படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அடுப்படியும் வயலும்தான். அதனால் இந்த இரண்டையும் சேர்க்கிற பொருளாகப் பருப்பை எடுத்துக்கொண்டேன். பருப்புக்கு என்ன வரலாறு என்று சிரிக்காதீர்கள். படித்து முடித்த பிறகு சிரிக்கலாம்.

ஒரு கைப்பிடிக் கணக்கு

போன வருஷம் எங்கள் குழுக் கூட்டத்துக்கு நர்சம்மா வந்து எல்லாருக்கும் விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பெண்களுக்கு 12 இருக்க வேண்டுமாம். பாதிப் பேருக்கு மேல் அதற்குக் கீழேதான் இருந்தது. எனக்கு 9.2. நர்சம்மா என்னைப் பார்த்து, "பருப்பு, கீரையெல்லாம் சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டார்கள். "தினம் சாம்பார்தாங்க சிஸ்டர் வைக்கிறேன்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"அஞ்சு பேருக்கு எவ்வளவு பருப்பு போடுற?"

"ரெண்டு கைப்பிடி."

எங்கள் குழுவில் வத்தல், வடகம் நிறுத்துப் போடுகிற தராசு இருக்கிறது. அன்று சாயங்காலமே வீட்டிலிருந்து துவரம்பருப்பு எடுத்துப்போய் என் கைப்பிடியை நிறுத்துப் பார்த்தேன். ஒரு கைப்பிடி 40 கிராம். இரண்டு கைப்பிடிக்கு 80 கிராம். அஞ்சு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 16 கிராம். ஆனால் அப்படிச் சமமாகவா பிரிகிறது? பிள்ளைகளுக்கு அடியில் கலக்கி ஊற்றுவேன். அவர் வயலிலிருந்து வந்தால் கெட்டியாக ஊற்றுவேன். மாமியாருக்கு அடுத்து. நான் கடைசியில் உட்காரும்போது சட்டியில் இருப்பது புளித்தண்ணியும் ஒரு முருங்கைக்காய்த் துண்டும்தான்.

ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு ஆள் ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடலாம் என்று அவர்கள் ஒரு தட்டுக் கணக்கு போட்டிருக்கிறார்கள். அதில் பருப்பு, பயறு வகை 85 கிராம். முட்டை, மீன், கறி சாப்பிடுகிறவர்கள் அதில் கொஞ்சத்துக்குப் பதிலாக அவற்றை வைத்துக்கொள்ளலாம். 85 எங்கே, 16 எங்கே, என் தட்டில் விழுந்தது எங்கே!

நெல்லு விளையுற பூமியில், வீடு நிறையச் சோறு இருக்கிற இடத்தில், பெண்களுக்கு ஏன் ரத்தம் இல்லை? இந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

பருப்பு இல்லாமல் கல்யாணமா?

இது நம்ம பக்கத்துப் பழமொழி. அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பருப்பு தினப்படி சாப்பாடாக இருந்திருந்தால் கல்யாணத்தோடு அதைச் சேர்த்து யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது விசேஷத்துக்கு வருகிற பொருளாக இருந்திருக்கிறது.

பழைய காலத்திலும் அப்படித்தான் தெரிகிறது. என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அகநானூற்றில் ஒரு பாட்டில் கல்யாண வீட்டில் உளுந்து சேர்த்துக் குழைய வைத்த பொங்கல் வருகிறது என்று அவளுடைய தமிழ் டீச்சர் சொன்னாராம். சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் சாமிக்குப் படைக்கிற அமுதுக்காக அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, பருப்பு எவ்வளவு, கறி எவ்வளவு என்று நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று அளந்து வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆக ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இங்கே பயறும் உளுந்தும் உண்டு. கோயிலில் உண்டு, கல்யாணத்தில் உண்டு. வயலில் இறங்கி நாற்று நட்டவளின் வீட்டில் எவ்வளவு இருந்தது என்று எந்தக் கல்லிலும் யாரும் வெட்டி வைக்கவில்லை.

அதை நான் என் அப்பாயியிடம்தான் கேட்டேன். என் அப்பாவைப் பெற்றவர். போன தை மாசம்தான் இறந்துபோனார். அந்தக் காலத்தில் கூலி என்றால் நெல்லுதான். காலையில் பழையது, ராத்திரி சுடுசோறு. தொட்டுக்க வயல் நண்டு, நத்தை, வாய்க்கால் மீன், கீரை. "பருப்புக் கொழம்பு எப்ப அப்பாயி வைப்பீங்க?" என்று கேட்டதற்கு, "தீபாவளி பொங்கலுக்கு வைப்போம். இல்ல யாராச்சும் செத்தா பதினாறாம் நாளு வைப்போம்டி" என்றார்.

கூலிக்காக நம்ம கீழத்தஞ்சையில் எவ்வளவு போராட்டம் நடந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்ட கொடுமை நடந்தது. அவர்கள் கேட்டதும் கூடுதலாகக் கொஞ்சம் நெல்லு. அதற்குப் பிறகு 1969ல் விவசாயத் தொழிலாளர்களுக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதிலும் கூலியை நெல் அளவை வைத்துத்தான் பேசினார்கள். வயிறு நிறைவதே பெரிய போராட்டமாக இருந்த காலத்தில் பருப்பைப் பற்றி யார் பேசுவது? அரைவயிற்றுச் சோறு முழுவயிற்றுச் சோறாக ஆனதே அன்றைக்குப் பெரிய வெற்றி.

தை மாசத்துத் தெளிப்பு

ஆனால் பருப்பு நம்ம வயலிலேயே இருந்தது. அதுதான் இதில் வேடிக்கை.

சம்பா, தாளடி அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாளைக்கு முன்னால், கதிர் சாய்ந்து நிற்கிற வயலுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் கை விசிறாகத் தெளிப்பார்கள். ஏக்கருக்கு 12 கிலோ விதை. நம்ம கணக்கில் மூன்று மா ஒரு ஏக்கர் என்றால் மாவுக்கு 4 கிலோ. மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணி நின்றாலும் விதை அழுகிவிடும், காய்ந்திருந்தாலும் முளைக்காது. நெல்லு அறுக்கும்போது கீழே இரண்டு இலை விட்டு முளை நிற்கும். அறுக்கிற பெண்கள் அதை மிதித்துத்தான் போவார்கள், அது நிமிர்ந்துகொள்ளும். உழவு கிடையாது, உரம் கிடையாது, தண்ணி கிடையாது. மண்ணில் மிச்சம் இருக்கிற ஈரத்திலும் விடியற்காலைப் பனியிலுமே வளர்ந்து 65, 70 நாளில் பங்குனியில் காய்த்துவிடும்.

இப்படித் தெளிக்கவே தோதான ரகங்களை நமக்குப் பக்கத்து ஆடுதுறையில் கண்டுபிடித்தார்கள். அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் 1922லேயே வந்துவிட்டது. ஆடுதுறை 3 உளுந்து என்றால் இங்கே தெரியாத விவசாயி இல்லை. பிறகு புதுக்கோட்டைப் பக்கம் வம்பன் ஆராய்ச்சி மையத்திலிருந்தும் புது ரகங்கள் வந்தன. பூ எடுக்கும்போதும் அதற்குப் பதினைந்து நாள் கழித்தும் டி.ஏ.பி. உரத்தை ராத்திரியே ஊறவைத்து, தெளிந்த தண்ணியை வடித்து அடித்தால் காய் நன்றாகப் பிடிக்கும் என்று வேளாண்மை ஆபீஸில் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் அடிக்கிறோம்.

உளுந்து நம்மிடம் வாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை, மண்ணுக்கும் கொடுக்கிறது. செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், சிறு சிறு முடிச்சாக இருக்கும். அது பூச்சி வைத்த புண் இல்லை. அதற்குள் இருக்கிற நுண்ணுயிர் காற்றில் இருக்கிற தழைச்சத்தை இழுத்துச் செடிக்குக் கொடுக்கிறது. மிச்சம் மண்ணில் சேர்கிறது. நெல்லு உறிஞ்சி எடுத்த மண்ணுக்கு உளுந்து போடுகிற பத்தியச் சாப்பாடு அது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் பெண்கள் வேலை எவ்வளவு! பிடுங்குவது, கட்டுக் கட்டிக் களத்துக்குத் தூக்குவது, காயவைத்துக் கழியால் அடிப்பது, தூற்றுவது, புடைப்பது எல்லாம் நாம்தான். பங்குனி வெயிலில் செய்கிற வேலை. அதற்குக் கூலியாக உளுந்தையே பங்கு பிரித்து அளப்பார்கள். அடித்த களத்தில் சிதறியதையும் வயலில் உதிர்ந்ததையும் பிள்ளைகள் பொறுக்கும். நானும் பொறுக்கியிருக்கிறேன். வருஷத்தில் அந்த ஒரு மாசம்தான் கூலிக்காரர் வீட்டுப் பானையில் உளுந்து இருக்கும். ஆனால் அதுவும் பானையில் தங்காது. வியாபாரி தெருவுக்கே வண்டி கொண்டுவந்து படிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போய்விடுவான். நோட்டுப் புத்தகத்துக்கும் கடனுக்கும் அந்தக் காசுதான்.

எங்கள் வீட்டில் அப்பாயி மட்டும் ஒரு பானை உளுந்தை வேப்பிலை போட்டு வாயைக் கட்டி ஒளித்து வைப்பார். அது வயசுக்கு வரப்போகிற பெண்ணுக்காக. நான் வயசுக்கு வந்தபோது சடங்கு முடிகிற வரைக்கும் தினம் உளுந்தங்களி, வெல்லமும் நல்லெண்ணெயும் விட்டு. இடுப்பெலும்புக்குப் பலம் என்றார். எனக்கு இப்போது தோன்றுவது, ஒரு பெண்ணுக்கு அவள் ஆயுசில் முறையாகப் பருப்பு கொடுத்தது அந்தப் பத்துப் பதினைந்து நாள்தான். பிள்ளை பெற்றபோது என்ன செய்தார்கள்? பருப்பு வாயு, பிள்ளைக்கு ஆகாது என்று பத்தியம் வைத்து மூன்று மாசம் கண்ணிலேயே காட்டவில்லை. பால் கொடுக்கிறவளுக்குத்தான் புரதம் கூடுதலாக வேண்டும் என்று நர்சம்மா பிறகு சொன்னார்கள்.

பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும்

பருப்பு ஏழை வீட்டுக்குத் தினப்படி வந்தது அரசாங்கத்தின் வழியாகத்தான். இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. காமராஜர் காலத்தில் 1956ல் மதிய உணவு ஆரம்பித்தது. 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். சோற்றோடு பருப்பும் சேர்ந்த சாம்பார், பிறகு வந்த ஆட்சிகளில் முட்டை, சுண்டல், பயறு என்று சேர்ந்தது. நான் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவள். வீட்டில் கிடைக்காத பருப்பு பள்ளிக்கூடத் தட்டில் கிடைத்தது.

2007ல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் என்று ரேஷன் கடையில் துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு, பாமாயில் மலிவு விலையில் கொடுக்க ஆரம்பித்தார்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். வெளியில் பருப்பு என்ன விலை விற்றது என்று நினைவிருக்கிறதா? 2015ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாய் வரைக்கும் போனது. அந்தச் சமயத்தில் ரேஷன் பருப்பு இல்லாவிட்டால் பல வீட்டில் ரசம் மட்டும்தான். அடுத்த வருஷம் 2016ஐ ஐக்கிய நாடுகள் சபை பயறு வகைகளுக்கான ஆண்டு என்று அறிவித்தது. இப்போது பிப்ரவரி 10 உலகப் பயறு நாள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கார்டுக்கு மாசம் ஒரு கிலோ துவரம்பருப்பு. அந்தத் தட்டுக் கணக்குப்படி ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 425 கிராம், மாசத்துக்கு 12 கிலோவுக்கு மேல். அரிசி மாசம் முழுக்க வருகிறது. பருப்பு இரண்டு நாள், மூன்று நாளுக்குத்தான் வருகிறது. அதைத்தான் நாம் முப்பது நாளுக்கு இழுக்கிறோம். சாம்பார் தண்ணியாக ஆன கதை இதுதான்.

நல்லது என்ன?

கிலோவுக்குக் கிலோ பார்த்தால் அரிசியைவிடப் பருப்பில் மூன்று மடங்கு புரதம். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 7 கிராம் என்றால், உளுந்திலும் பயறிலும் துவரையிலும் 22 கிராம், 24 கிராம். நார்ச்சத்து உண்டு. கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகக் கொடுக்கிறார்களே, அந்த ஃபோலிக் அமிலமும் இதில் இயற்கையாக உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு வெறும் சோற்றைவிடச் சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுவது நல்லது, சர்க்கரை சட்டென்று ஏறாது.

இன்னொரு விஷயம். புரதம் என்பது ஒரே சரக்கு இல்லை, பல துண்டுகள் சேர்ந்தது. அரிசியில் குறைகிற துண்டு பருப்பில் இருக்கிறது. பருப்பில் குறைகிற துண்டு அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுசாகிறது. இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் போட்டு ஊறவைத்துப் புளிக்கவைத்த நம்ம முன்னோர்களுக்கு இந்த வார்த்தையெல்லாம் தெரியாது. ஆனால் வழி தெரிந்திருந்தது. வெண்பொங்கலும் அடையும் கும்மாயமும் அதே வழிதான்.

பணக்கணக்கும் உண்டு. கறி கிலோ விற்கிற விலைக்கு நம்மால் வாரம் ஒரு தடவை எடுப்பதே கஷ்டம். அந்தப் பணத்தில் பல கிலோ பயறு வாங்கலாம். ஐஸ் பெட்டி வேண்டாம், கெட்டுப்போகாது.

ஜாக்கிரதை என்ன?

பருப்பு நல்லது என்றதும் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போடுவதும் தப்பு. எங்கள் வீட்டிலேயே பாடம் இருக்கிறது. என் மாமியாருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. இப்போது சிறுநீரகம் பலவீனமாகிவிட்டது. டாக்டர் பருப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார். நான் நர்சம்மா பேச்சைக் கேட்டு எல்லாருக்கும் கெட்டியாக வைக்க ஆரம்பித்த நேரம் அது. ஒரே சட்டிதான், ஆனால் ஆளுக்குத் தகுந்த கரண்டி வேண்டும் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன். மூட்டில் யூரிக் அமிலம் ஏறி வீங்குகிறவர்களும் எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது வாயு. அது பொய் இல்லை. பருப்பில் உள்ள ஒரு வகைச் சர்க்கரை நம்ம குடலில் ஜீரணமாகாமல் கீழே போய்ப் புளிப்பதால் வயிறு உப்பும். ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டு, நன்றாக வேகவைத்தால் குறையும். பெருங்காயம், பூண்டு, சீரகம் போடுகிற பழக்கமும் அதற்காகத்தான். பழகாத வயிற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

மூன்றாவது, பருப்பில் இரும்புச்சத்து இருந்தாலும் அதை உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிற ஒரு பொருளும் அதிலேயே இருக்கிறது. ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது எல்லாம் அந்தத் தடையைக் குறைக்கும். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் சேராது. நாம் என்ன செய்கிறோம்? சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் டீத்தண்ணி போடுகிறோம். அதனால் ரத்தம் ரொம்பக் குறைந்தவர்கள் பருப்பை நம்பி மட்டும் இருக்கக் கூடாது. கொடுக்கிற இரும்பு மாத்திரையைச் சாப்பிட வேண்டும். நானும் அதைச் சாப்பிட்டுத்தான் ஏறினேன். பி12 என்கிற சத்து பருப்பில் கிடையாது. அதற்குப் பால், முட்டை, மீன்தான் வழி.

நாலாவதுதான் பெரிய பாடம். வடக்கே மத்தியப் பிரதேசத்தில் ரேவா என்கிற பகுதியில் கேசரிப் பருப்பு என்று ஒன்று விளையும். மழை பொய்த்தாலும் விளையும், மலிவு. பண்ணையடிமைகளாக இருந்தவர்களுக்கு அதையே கூலியாக அளந்தார்கள். வேறு எதுவும் இல்லாமல் மாசக்கணக்கில் அதையே பிரதானமாகச் சாப்பிட்டவர்களுக்கு நரம்பு பாதித்துக் கால் முடங்கிப்போனது. திரும்பச் சரியாகவும் இல்லை. ரேவா ராஜா 1907லேயே அதைத் தடுத்தார். 1961ல் விற்பனைக்குத் தடையும் வந்தது. பார்ப்பதற்குத் துவரை மாதிரியே இருப்பதால் கலப்படத்துக்கும் அதைப் பயன்படுத்துவார்கள், பார்த்து வாங்க வேண்டும். அந்த ஜனங்கள் பருப்பு சாப்பிட்டதால் முடங்கவில்லை. ஒரே பருப்பைத் தவிர வேறு வழி இல்லாமல் வைக்கப்பட்டதால் முடங்கினார்கள். வெறும் நெல்லைக் கூலியாக வாங்கிய நம்ம அப்பாயிகளுக்கு ரத்தம் இல்லாமல் போனதும், அவர்களுக்குக் கால் போனதும் ஒரே கதையின் இரண்டு பக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. எதுவாக இருந்தாலும் தனியாக நின்றால் ஆகாது. சோறும் வேண்டும், பருப்பும் வேண்டும், கீரையும் வேண்டும், முடிந்தால் ஒரு முட்டையும் வேண்டும்.

வயலில் குறைகிறது

இப்போது நம்ம வயல் உளுந்துக்கே ஆபத்து. மேட்டூர் அணை 1934ல் வந்ததிலிருந்து ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவது முறை. ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12ல் திறக்க முடியவில்லை, 2020ல்தான் திறந்தார்கள். தண்ணி தாமதமானால் சம்பா தாமதம், அறுப்பு தாமதம், மண்ணில் ஈரம் போய்விடும், உளுந்து தெளிக்க நாள் இல்லை. அறுப்பு மிஷின் வந்த பிறகு அதன் சக்கரம் போகிற தடத்தில் முளை நசுங்கிப்போகிறது. அதற்காக மிஷின் வருவதற்கு நாலைந்து நாள் முன்னால்தான் விதைக்கிறோம். பிறகு மஞ்சள் தேமல். வெள்ளை ஈ கொண்டுவருகிற அந்த நோய் பிடித்தால் வயலே மஞ்சளாகிவிடும். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி ஆரம்பத்திலும் பெய்த பருவம் தவறிய மழை நெல்லையும் படுக்க வைத்தது, தெளித்த உளுந்தையும் அழுக வைத்தது. நல்லபடியாக வந்தால் மாவுக்கு ஒரு மூட்டை எடுக்கிற இடத்தில் சில வருஷம் விதைகூடத் திரும்புவதில்லை. சலித்துப்போய்த் தெளிக்காமலே விட்டவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு.

எங்கள் குழு செய்தது

கடைசியாக எங்கள் சின்ன அனுபவம். நம்ம தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு 1989ல் தர்மபுரியில் ஆரம்பித்து, 1997ல் மகளிர் திட்டம் என்று எல்லா இடத்துக்கும் பரவியது. சேமிப்பு, கடன், தொழில் என்று அதில் நிறையச் செய்தோம். உளுந்தில் அப்பளமும் வடகமும் போட்டு வெளியூருக்கு விற்றோம். ஆனால் நம்ம வீட்டுக்கு உளுந்து சேர்த்து வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ரத்தம் பார்த்த அந்தக் கூட்டத்துக்குப் பிறகு 12 பேர் ஆளுக்கு 500 ரூபாய் போட்டோம். மொத்தம் 6000. 2024-25க்கு அரசாங்கம் உளுந்துக்குக் குவிண்டாலுக்கு 7400 ரூபாய், அதாவது கிலோ 74 என்று ஆதார விலை வைத்திருந்தது. வியாபாரி அதற்குக் கீழே கேட்டான். நாங்கள் எங்கள் ஊர் விவசாயியிடம் 75க்கே எடுத்து 80 கிலோ வாங்கினோம். விற்றவருக்கும் லாபம், எங்களுக்கும் கடை விலையைவிட ரொம்பக் குறைவு.

ஆனால் அவசரத்தில் ஒரு தப்பு நடந்தது. சரியாகக் காயவைக்காமல் மூட்டையோடு ஒருத்தர் வீட்டில் வைத்துவிட்டோம். ஆடி மாசம் பிரித்துப் பார்த்தால் வண்டு. 20 கிலோவுக்கு மேல் பொடியாகிப் போனது. இரண்டு பேர் காசைத் திருப்பிக் கேட்டார்கள். ஒரு மாசம் கூட்டத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. யோசனை சொன்னவள் நான் என்பதால் எனக்குத்தான் ரொம்ப அவமானம். வீட்டில் அவரும், "உன் பருப்பு அங்க வேகலையா?" என்று கேலி செய்தார்.

அப்போது எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருவர்தான் பழைய முறையைச் சொன்னார். கடித்தால் படக்கென்று உடைகிற வரைக்கும் மூன்று நாள் வெயிலில் போட வேண்டும். முழு உளுந்தாக வைப்பதைவிட உடைத்துப் பருப்பாக வைத்தால் வண்டு அவ்வளவாக வராது. முழுசாக வைப்பதானால் பானையில் போட்டு மேலே ஓர் அங்குலத்துக்குக் காய்ந்த மணலைப் பரப்ப வேண்டும். இந்த வருஷம் அப்படியே செய்தோம். மண்பானையில் மணல் போட்டு வைத்தது மார்கழி வரைக்கும் ஒரு வண்டு இல்லை. காசைத் திருப்பிக் கேட்ட இரண்டு பேரில் ஒருவர் திரும்பச் சேர்ந்துவிட்டார்.

ஆளுக்கு ஆறேமுக்கால் கிலோவுக்குள்தான் வந்தது. அந்தத் தட்டுக் கணக்குக்கு இது போதாது, எனக்குத் தெரியும். ஆனால் ரேஷன் கிலோவோடு இதையும் சேர்த்து, தோலோடு உளுந்து சேர்த்து இட்லி, வாரம் இரண்டு நாள் பயறு சுண்டல், ஒரு நாள் களி என்று வைத்தால் முன்னைவிட இரண்டு மடங்கு ஆகிறது. கடைசியாக ரத்தம் பார்த்தபோது எனக்கு 11.1. மாத்திரையும் பருப்பும் சேர்ந்து செய்த வேலை.

எல்லாவற்றையும்விட நான் மாற்றியது ஒன்று உண்டு. இப்போது சாம்பாரைக் கலக்கி, முதலிலேயே எனக்கு ஒரு கரண்டி கெட்டியாக எடுத்து மூடி வைத்துவிடுகிறேன். முதல் நாள் கூச்சமாக இருந்தது, திருடுகிற மாதிரி. மகள் பார்த்துவிட்டு, "எனக்கும் அப்பிடி எடுத்து வையும்மா, நாளைக்கு நானும் ஒரு வீட்டுல அப்பிடித்தான் வச்சுக்குவேன்" என்றாள். அன்றோடு கூச்சம் போய்விட்டது.

அக்கா தங்கச்சிகளே, பங்குனி வருகிறது. உங்கள் ஊர்க் களத்திலும் உளுந்து அடிப்பார்கள். வியாபாரி வண்டி வருவதற்கு முன்னால் உங்கள் குழு போய் நிற்கட்டும். நன்றாகக் காயவைத்துச் சேர்த்து வையுங்கள். அதற்கு முன் இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டுக் கைப்பிடியை ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். அதில் உங்கள் தட்டுக்கு எவ்வளவு வருகிறது என்றும் பாருங்கள்.